சின்சில்லாவின் கால் முறிந்தால்: முதல் சில மணி நேரம்

[காட்சி: அதிகாலை. கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறச் சின்சில்லா. நேற்று வைத்த காய்ந்த புல் அப்படியே கிடக்கிறது.]

வணக்கம். இரவெல்லாம் பலகைக்குப் பலகை தாவி விளையாடும் உங்கள் சின்சில்லா, காலையில் நீங்கள் விளக்கைப் போடும்போது கண்களைப் பாதி மூடியபடி மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் எதுவும் தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று எண்ணி வேலைக்குக் கிளம்பிவிடத் தோன்றும். அப்படிக் கிளம்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த வீடியோவைத் தயாரித்தோம்.

சின்சில்லா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையின் பாறை இடுக்குகளில் நரிக்கும் ஆந்தைக்கும் பயந்து வாழ்ந்த கொறிக்கும் பிராணி. அங்கே நொண்டி நடப்பது தெரிந்துவிட்டால் உயிர் போய்விடும் என்பதால், வலியை மறைப்பது அதன் இயல்பாகிவிட்டது. இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை, 1923-ஆம் ஆண்டு மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களின் வழிவந்தவை. நூறு ஆண்டுகள் கூண்டில் வாழ்ந்தும் அந்த இயல்பு மாறவில்லை. ஆகவே அது அழும், நமக்குத் தெரியவரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

[காட்சி: கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பார்க்கும் கை.]

முதலில் பார்க்க வேண்டியது கூண்டின் அடித்தட்டை. நலமாக இருக்கும் சின்சில்லா ஓர் இரவில் நூறுக்கும் மேற்பட்ட புழுக்கைகளைப் போட்டிருக்கும். அவை அரிசியைவிடப் பருத்து, நீண்டு, உலர்ந்து இருக்கும். வலியில் இருக்கும் சின்சில்லா தின்பதை நிறுத்திவிடுகிறது. தின்பது நின்றால் குடலின் அசைவும் நின்றுவிடுகிறது. தட்டில் புழுக்கை குறைந்திருந்தாலோ, சிறுத்து ஒழுங்கற்ற வடிவில் கிடந்தாலோ, உங்கள் பிராணி வாய்விட்டுச் சொல்லாததை அந்தத் தட்டு சொல்லிவிட்டது என்று பொருள். காயம் சிறியதாகவே இருந்தாலும், ஒரு பகல் முழுவதும் தின்னாமல் இருந்துவிட்டால் குடல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பல்லை நறநறவென்று கடிப்பது, தொட்டால் திடீரெனச் சீறுவது, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றாமல் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வது ஆகியவையும் வலியின் அடையாளங்களே.

இப்போது அதைக் கையில் எடுக்க வேண்டும். அவசரத்தில் ரோமத்தைப் பற்றி இழுத்தால் கை நிறைய ரோமம் வந்துவிடும், உடலில் வெற்றுத் தோல் தெரியும். பார்ப்பவர் பதறிப்போவார், ஆனால் அது காயமன்று. பிடித்த விலங்கின் வாயில் ரோமத்தை மட்டும் விட்டுவிட்டுத் தப்பிப்பதற்காக இயற்கை தந்த வழி அது. தோல் வழவழப்பாக, கீறலின்றி இருந்தால் சில மாதங்களில் ரோமம் மீண்டும் வளர்ந்துவிடும். காலையோ, காதையோ, வாலின் நுனியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையை மார்புக்கு அடியிலும் மற்றொன்றைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால்கள் இரண்டும் துவண்டு தொங்கினால் முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம்; அப்போது கையில் தூக்காமல், தட்டையான பலகையிலோ தடித்த அட்டையிலோ மெல்ல நகர்த்தி எடுக்க வேண்டும்.

[காட்சி: மிக அருகில். ரோமத்தின் மீது மெதுவாக ஊதும்போது அது மலர்போல் விரிந்து, அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது.]

சின்சில்லாவின் ஒரே மயிர்க்குழியிலிருந்து ஐம்பது, அறுபது இழைகள் வரை முளைக்கின்றன. அந்த அடர்த்திக்குள் ஒரு கடிவாய் இருந்தால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எனவே வாயால் மெதுவாக ஊதிப் பாருங்கள். ரோமம் விலகித் தோல் தெரியும். கழுத்திலிருந்து வால் வரை இப்படி ஊதிக்கொண்டே வரும்போது, ரோமம் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தால், அங்கே ரத்தம் உறைந்திருக்கிறது அல்லது சீழ் கசிந்திருக்கிறது. ஜோடியாக வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனெனில் கடிபட்ட இடம் மேலே மூடிக்கொண்டு, சில நாட்கள் கழித்துக் கெட்டியான சீழ்க்கட்டியாக எழும்பும். பூனை கடித்திருந்தால் ஊசி முனை அளவுப் புள்ளி தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, மிக அதிகமாக நேரும் பெருங்காயத்துக்கு வருவோம். பின்னங்காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு, சின்சில்லாவுக்குத் தொடை எலும்பைவிட நீளமானது. மெலிந்து நேராக இருக்கும் அதைச் சுற்றித் தசை மிகக் குறைவு. கம்பி வலைத் தரையிலோ, புல் வைக்கும் கம்பித் தொட்டியிலோ பாதம் சிக்கிக்கொள்ள, பயத்தில் அது தாவ, அந்த எலும்பு முறிந்துவிடுகிறது. மேலே மூடத் தசை இல்லாததால் எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு.

கால் இன்னும் கம்பியில் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். உடலின் பாரத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கம்பியை வளைத்தோ வெட்டியோ காலை விடுவியுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளக் கூடாது; மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் கரைசலில் நனைத்த சுத்தமான துணியால் மூடினால் போதும். குச்சி வைத்துக் கட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது, அதை இங்கே விட்டுவிடுங்கள். வீட்டில் போட்ட கட்டு வழுக்கிக் கீழே இறங்கி, முறிந்த இடத்தையே நெம்பும். போதாக்குறைக்குச் சின்சில்லா அந்தக் கட்டையும் சில வேளைகளில் தன் காலையும் கடித்துக் குதறும்.

ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். 500 கிராம் எடையுள்ள சின்சில்லாவின் உடலில் மொத்தமே 35 மில்லி அளவுக்குத்தான் ரத்தம் இருக்கும். ஒரு தேக்கரண்டி ரத்தம் போனாலும் அதற்குப் பெரிய இழப்பே. ஈறு வெளுத்து, காது சில்லிட்டு, உடல் தொய்ந்திருந்தால் அது ரத்த ஓட்டம் தளர்ந்துபோகும் அதிர்ச்சி நிலை; வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, வேண்டாமென்றால் அது விலகிப் படுக்க இடம் விட்டு, பக்கத்தில் வையுங்கள்.

[காட்சி: மேசை மீது மாத்திரை அட்டை. அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டும் கை.]

மனிதர்களுக்கான மாத்திரையில் கால் பங்கை ஒடித்துக் கொடுத்தேன் என்று சொல்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது, ஏனெனில் அவர்கள் அன்பினால்தான் அதைச் செய்தார்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், புல்லைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் குடலில் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, காலில் அடிபட்ட பிராணி வயிற்றுப்போக்கில் செத்துப்போகிறது. பாராசிட்டமாலும் வேண்டாம். வலிக்கு மெலாக்சிகாம் போன்ற பொருத்தமான மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து அளவைச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவரே. காயத்தைக் கழுவுகிறேன் என்று உடலை நனைக்கவும் கூடாது. அந்த ரோமம் எளிதில் காயாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போதே, முயல், கினிப் பன்றி போன்ற சிறு பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்த பழக்கம் அவருக்கு உண்டா என்று கேளுங்கள். புறப்படுமுன் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாவ இடமில்லாத சிறிய பெட்டியில் துண்டு விரித்து, கொஞ்சம் காய்ந்த புல்லும் வைத்து, காற்று போகும்படி மேலே துணி போட்டு இருட்டாக்குங்கள். 27 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலே சின்சில்லாவுக்குத் தாங்காது என்பதால், சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஏசி இல்லாத வண்டியில் நண்பகலில் கொண்டுபோவது இரண்டாவது ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

எக்ஸ்ரே பார்த்தபின் மருத்துவர் கம்பி செலுத்தி எலும்பைச் சேர்க்கலாம், அல்லது காலை அகற்றிவிடுவதே நல்லது என்று சொல்லலாம். இரண்டாவதைக் கேட்டுக் கலங்காதீர்கள். ஒரு பின்னங்கால் இல்லாத சின்சில்லா ஓடுகிறது, உட்கார்ந்து இரு கையாலும் புல்லைப் பிடித்துத் தின்கிறது, நுண்மணலில் புரண்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் மணல் குளியலும் போடுகிறது. அதை நீண்ட நாள் துன்பப்படுத்தும் கோணலான காலைவிட அது எவ்வளவோ மேல்.

[காட்சி: பலகைகள் நீக்கப்பட்ட, ஒரே தளமுள்ள கூண்டு. தரையில் துணி விரிப்பு.]

வீட்டுக்கு வந்தபின் பலகைகளையும் சுழல் சக்கரத்தையும் எடுத்துவிடுங்கள். தையல் ஆறும்வரை மணல் குளியல் வேண்டாம். அது தானாகத் தின்னவில்லை என்றால், மருத்துவர் தரும் புல் மாவைக் கூழாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாக, மென்று விழுங்கும் வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்; இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டியிருக்கும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஜோடி இருந்தால் வேறு கூண்டில் வைத்து, ஒன்றின் வாசனை மற்றதற்கு எட்டும்படி பக்கத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காலையும் அடித்தட்டை இழுத்துப் பார்த்து, புழுக்கை மறுபடியும் பருத்து, உலர்ந்து, எண்ணிக்கையில் கூடி வருகிறதா என்று கவனியுங்கள்.