பாலத்துக்கு வயசாவது எப்படி?

[திரையில்: ஒஹையோ ஆறு, பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1967 டிசம்பர் 15, மாலை ஐந்து மணி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பாயின்ட் பிளசன்ட் என்ற ஊர். வேலை முடிந்து திரும்பும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்போது சில்வர் பிரிட்ஜ் அப்படியே ஆற்றுக்குள் விழுகிறது. 46 பேர் இறந்துபோனார்கள். புயல் இல்லை, வெள்ளம் இல்லை, கப்பல் எதுவும் மோதவும் இல்லை.

[திரையில்: சங்கிலிக் கண்ணியின் வரைபடம்]

1928-இல் திறந்த பாலம் அது. கேபிளுக்குப் பதிலாக, முனையில் வட்டத் துளை போட்ட எஃகுப் பட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள்; ஒன்று போனால் மற்றதும் போச்சு. உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தபோது, துளையின் உள்பக்கம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. துருவும், ஏறி ஏறி இறங்கிய சுமையும் சேர்ந்து வளர்த்த விரிசல். மூட்டைக் கழற்றாமல் அதைக் கண்ணால் பார்க்க வழியே கிடையாது.

சரி, தாங்கக்கூடிய எடைதானே போகிறது, பிறகு ஏன் விரிசல்?

கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் ஒடிகிறதே, அந்த மாதிரி. ஆனால் இது பாதிதான் சரி. பாலம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைவதே இல்லை. ஒரு லாரி ஏறும்போது எஃகுக்குள் இழுவிசை கொஞ்சம் கூடுகிறது, இறங்கியதும் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கம் லட்சக்கணக்கில் நடக்கும்போது, ஒரு துளையின் ஓரத்திலோ வெல்டிங்கின் நுனியிலோ விரிசல் தொடங்குகிறது. இதற்குப் பெயர் உலோகச் சோர்வு.

[திரையில்: 1.2 × 1.2 × 1.2 = 1.73]

ஓவர்லோடு வண்டிகளை ஏன் பிடிக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். எஃகில் சோர்வுச் சேதம், ஏற்ற இறக்கத்தின் அளவை மூன்று தடவை பெருக்கினால் வருகிற மாதிரி, ஏறத்தாழ மும்மடிப் பெருக்கமாகக் கூடும். ஏற்ற இறக்கம் 20 சதவீதம் அதிகமானால் சேதம் 73 சதவீதம் அதிகம். இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு. ஸ்கூட்டரும் காரும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்று சொல்லலாம்.

ரயில் பாலத்தின் கதை இன்னும் கடுமை. பாலத்தின் சொந்த எடையோடு பார்த்தால் ரயிலின் எடை பெரிய பங்கு. நீளமான முதன்மை கர்டருக்கு, அதாவது பாலத்தைத் தாங்கும் பெரிய எஃகு விட்டத்துக்கு, ஒரு முழு ரயிலும் ஒரே ஒரு பெரிய ஏற்ற இறக்கம். தண்டவாளத்துக்கு நேர் கீழே இருக்கும் சின்ன விட்டங்களுக்கோ ஒவ்வொரு வேகனும் தனித்தனி அடி. 50 வேகன் சரக்கு ரயில் ஒன்று போனாலே குறைந்தது 50 தடவை. அதனால்தான் பழைய ரயில் பாலங்களில் இந்தச் சின்ன விட்டங்களை முதலில் பார்க்கிறார்கள்.

ரிவெட் (தகடுகளை இணைக்கும் தலைதட்டிய ஆணி) அடித்த பழைய கர்டரைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பல தகடுகளைச் சேர்த்துச் செய்ததால், ஒரு தகட்டில் ஓடும் விரிசல் அதன் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்ததில் அப்படி ஒரு தடுப்பு கிடையாது. அடுத்த தகட்டுக்கும் நேராக ஓடும்.

[திரையில்: ட்ரில், எஃகுத் தகடு]

சில்வர் பிரிட்ஜுக்குப் பிறகு, இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பாலச் சோதனை என்று அமெரிக்காவில் விதி வந்தது. விரிசல் கிடைத்தால் செய்யும் முதலுதவி வேடிக்கையாக இருக்கும்: விரிசலின் முனையில் இன்னொரு துளை போடுவார்கள்! கூரான முனை வட்டமாகிவிடுவதால் விசை அங்கே குவியாது. அப்புறம் மேலே தகடு வைத்து போல்ட் போடுவார்கள். துளை முனையைத் தவறவிட்டால் மட்டும், விரிசல் பக்கத்திலேயே தன் வேலையைத் தொடரும்.