பதிவேட்டில் பெயர், பந்தியில் இடம்

அன்பான சகோதரரே, சகோதரிகளே,

வுல்பெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய ஆலயத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். திறந்தது 1757இல். கொழும்பில் அதைப்போல் உறுதியான சுவர் கொண்ட ஆலயங்கள் சில மட்டுமே.

ஒல்லாந்தர் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர். ஞானஸ்நானமும் கலியாணமும் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறின. அதில் ஏறாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. பிள்ளைகளின் சொத்துரிமையும் ஆட்டம் கண்டது. ஆகவே ஆயிரமாயிரம் பேர் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டார்கள். 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தார்கள். கட்டாயம் தளர்ந்ததும் அந்தப் பெருங்கூட்டம் கரைந்துபோயிற்று. தோம்புகள் மட்டும் இன்றும் சுவடிக்கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன!

புரட்டஸ்தாந்தரான அதே ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுத்தால் மரணதண்டனை என்று 1658இல் ஆணை போட்டார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், பூசை வைக்க ஆளில்லாமலே பல ஊர்கள் இருந்தன. மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் செபம் சொல்லிக்கொடுத்தார்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இறந்தவரை அடக்கம் செய்தார்கள். அடிகள் தேடி வந்தபோது கதவைத் திறக்க வீடுகள் இருந்தன.

அப்படியானால் நிர்வாகமே வேண்டாமா? அப்படிச் சொல்கிறவர் ஒரு அன்னதானம்கூட நடத்திப் பார்த்திருக்கமாட்டார். மூப்பர் என்பதும் ஒரு பொறுப்புத்தானே. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். எருசலேம் சபையின் அந்தக் குழு பிறந்தது சோற்றுக்காக. நம்முடைய குழுக்கள் எதற்காகக் கூடுகின்றன? ஒலிபெருக்கிக்கும் கூரைத் தகட்டுக்கும்.

ஹட்டனிலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்கு வந்த பிள்ளை ஞாயிறு ஆராதனையில் கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிறான். பிள்ளைகள் எல்லாரும் கனடாவில், வெள்ளவத்தை மாடிவீட்டில் ஒரு தாய் தனியே இருக்கிறார். சந்தா மூன்று மாதம் நிலுவையானால் கடிதம் போகிறது. ஆளே மூன்று மாதம் வரவில்லையென்றால் யார் போகிறார்கள்?

ஆகவே எல்லாச் சபைகளிடமும் கேட்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் முதல் விடயமாக, இந்த மாதம் கண்ணில் படாதவர்களின் பெயர்களை வாசியுங்கள். யார் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கட்டட நிதி அதற்குப் பிறகு வரட்டும். நேரம் போதாவிட்டால் நிதியை அடுத்த மாதம் பார்க்கலாம்.