பெட் ஸ்கேனும் உணவுக்குழாய்ப் புற்றுநோயின் போக்கும்

நேயர்களுக்கு வணக்கம். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று உறுதியானதும் நோயாளியின் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது, சிகிச்சைக்கு நோய் கட்டுப்படுமா என்பதைத்தான். அதற்கான விடையை ஸ்கேன் படங்களைக் கொண்டு எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சிகிச்சைக்கு முன் எடுக்கும் படங்கள் நோயின் பரவலைக் காட்டுகின்றன. எண்டோஸ்கோப்பியின் நுனியில் பொருத்திய அல்ட்ராசவுண்ட், கட்டி குழாய்ச் சுவரின் எந்த அடுக்குவரை ஊடுருவியிருக்கிறது என்று தெரிவிக்கும். குழாய் மிகவும் குறுகியிருந்தால் கருவி கட்டியைக் கடந்து செல்லாமலும் போகலாம். பெட் ஸ்கேனில், கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸை ஊசி வழியே செலுத்தி, எந்தத் திசுக்கள் அதை மிகுதியாக உறிஞ்சுகின்றன என்று பார்க்கிறார்கள்; புற்றுத் திசு பொதுவாக அப்படி உறிஞ்சும். சிடி ஸ்கேனில் தென்படாத தொலைதூரப் பரவலை அது சில சமயம் காட்டிக்கொடுப்பதால், பலன் தராத பெரிய அறுவை சிகிச்சையைச் சில நோயாளிகள் தவிர்க்க முடிகிறது.

ஆனால் ஒற்றைப் படத்தைக் காட்டிலும், சிகிச்சைக்கு முன் எடுத்த படத்துக்கும் சிகிச்சை தொடங்கியபின் எடுத்த படத்துக்கும் இடையிலான மாற்றமே கூடுதலாகப் பேசுகிறது. ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான மியூனிக்கான் ஆய்வு இதற்கு நல்ல சான்று. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், கண்டவர்களுக்குக் கீமோதெரபி தொடங்கிய இரண்டே வாரத்தில் மறுபடியும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி குளுக்கோஸை உறிஞ்சும் அளவு 35 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் மருந்தைத் தொடர்ந்தார்கள். குறையாதவர்களை நேராக அறுவை சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அந்தக் குறைவு காணப்பட்டது. அவர்களே நோய் திரும்பாமல் நெடுங்காலம் இருந்தார்கள். அந்தக் கணிப்பைவிட, எந்த அளவுக்கு எந்த முடிவு என்று முன்னதாகவே வகுத்துக்கொண்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன். சிகிச்சையில் எதையும் மாற்றாத கணிப்பால் நோயாளிக்குக் கவலைதான் கூடும்.

கதிர்வீச்சும் சேரும்போது நிலைமை சிக்கலாகிறது. நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான கிராஸ் ஆய்வில், கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெற்றபின் அறுவை சிகிச்சை செய்தவர்களில் 29 சதவீதத்தினரின் அகற்றிய திசுவில் உயிருள்ள புற்றுச் செல்களே தென்படவில்லை. குழாயின் உட்புறத்தை மூடியுள்ள தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் வகையில் இது 49 சதவீதம். அப்படியானால் இவர்களை முன்பே அடையாளம் கண்டு அறுவை சிகிச்சையைத் தவிர்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால், கதிர்வீச்சால் புண்ணாகி வீங்கிய திசுவும் குளுக்கோஸை உறிஞ்சுவதால் பெட் படம் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். உட்சவ்வுக்கு அடியில் எஞ்சிய சிறு கட்டி அதன் பார்வையில் படாமலும் போகலாம். அதனால்தான், 2018இல் வெளியான பிரீசானோ ஆய்வு, பெட் ஸ்கேனைத் தொலைதூரப் பரவலைத் தேடவும், ஆழமாக எடுத்த பயாப்ஸியையும் (திசு மாதிரிச் சோதனையையும்) அல்ட்ராசவுண்டையும் உணவுக்குழாயில் எஞ்சிய நோயைத் தேடவும் பயன்படுத்தியது.

அண்மைக்காலமாக ரேடியோமிக்ஸ் என்ற முறை பரவலாகப் பேசப்படுகிறது. கண்ணுக்குப் புலப்படாத நூற்றுக்கணக்கான அளவுகளைக் கணினி ஒரே படத்திலிருந்து கணக்கிட்டு, சிகிச்சை பலிக்குமா என்று ஊகிக்கிறது. அளவுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, நோயாளிகளோ சில டஜன் பேராக இருந்தால், தற்செயலான ஒற்றுமைகளும் உண்மை போலத் தோன்றிவிடும். ஸ்கேன் கருவி மாறினாலும், படத்தின் வெட்டுத் தடிமன் மாறினாலும், கட்டியின் எல்லையை வேறொருவர் வரைந்தாலும் இந்த அளவுகள் மாறக்கூடும். ஆகவே, இத்தகைய ஆய்வு எதைப் படித்தாலும், வேறொரு மருத்துவமனையில், வேறொரு கருவியில், முன்பின் காணாத நோயாளிகளிடம் அந்தக் கணிப்பைச் சோதித்தார்களா என்பதையே நான் முதலில் தேடுகிறேன். பல ஆய்வுகளில் அந்தப் பகுதி இருப்பதில்லை.

நன்றி, வணக்கம்.