நாம் தூக்கி எறியும் ஈரல்
(காசிமேட்டில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அக்காமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

மீன் அரியும்போது பித்தப்பை உடைந்துவிடக் கூடாதென்று எவ்வளவு பக்குவமாகக் கத்தி போடுகிறீர்கள்! உடைந்தால் குழம்பே கசந்துவிடும். அப்படிப் பிரித்துக் காக்காய்க்கு வீசுகிற பித்தத்தையும் ஈரலையும் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நம் கடலடியில் என்ன மாசு தங்கியிருக்கிறது என்று அவை காட்டிக்கொடுக்கும்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு மறுபடி எண்ணெய் வந்தது. மேல்தண்ணீர் சீக்கிரம் தெளிந்துவிடும். அதைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் குறையில்லை என்றுகூட வரலாம். ஆனால் எண்ணெயின் கனத்த பகுதி, பழைய பூச்சிக்கொல்லி, ஈயம், காட்மியம் எல்லாம் வண்டலோடு ஒட்டி அடியில் போய்த் தங்கும்.

அங்கே குடியிருப்பது நாக்கு மீனும் உளுவையும். வஞ்சிரம் மாதிரி ஊர் ஊராகச் சுற்றுகிற மீன்கள் இல்லை. சேற்றில் படுத்து, சேற்றுப் புழுவைத் தின்று வளர்பவை. அவற்றின் உடம்பில் இருப்பது பெரும்பாலும் அந்த இடத்துச் சேற்றிலிருந்து வந்ததுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெயின் நச்சுச் சேர்மங்களைச் சதையில் தேடினால் அதிகம் சிக்காது. ஈரல் அவற்றைச் சிதைத்துப் பித்தத்துக்கு அனுப்பிவிடும். சமீப நாட்களில் உள்ளே போனது பித்தத்தில் தெரியும். வருடக்கணக்காகப் பட்ட பாடு ஈரலில் புண்ணாக, கட்டியாகத் தெரியும். பாதரசம் அப்படியல்ல, சதையிலேயே தங்கும். அதைத் தனியாக அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1984 முதல் நோவா என்ற அரசு அமைப்பு கடலோர அடிமீன்களின் ஈரலைச் சோதித்தது. சியாட்டில் பக்கம் ஈகிள் ஹார்பரில், மரம் உளுத்துப்போகாமல் இருக்க அதில் ஏற்றும் கிரியோசோட் எண்ணெய் சேற்றில் ஊறி, தட்டைமீன்களின் ஈரலில் கட்டிகள் வந்தன. 1993-94இல் அந்தச் சேற்றைச் சுத்தமான மணலால் மூடினார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் ஈரல் புண்கள் குறைந்தன. செய்த வேலை பலித்ததா என்பதையும் மீன்தான் காட்டிக்கொடுத்தது!

ஒரே ஒரு மீனை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வயதான மீனில் புண் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒத்த வயது மீன்களை, எண்ணூரிலும் மாசு குறைந்த வேறோர் இடத்திலும் பிடித்து ஒப்பிட வேண்டும். எந்த இடம், எத்தனை பாகம் ஆழம் என்று உங்களைவிடத் தெரிந்தவர் யார்?

மேடையேறும் முன் ஓர் அக்கா கேட்டார்: "அப்ப இந்த மீனைச் சாப்பிடலாமா, கூடாதா?" அவருக்கு ஊகத்தில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணூர் நாக்கு மீனின் ஈரல், பித்தம், சதை மூன்றையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் ஏலக்கூடச் சுவரில் ஒட்டச் சொல்லி அரசிடம் கேட்கிறேன். மனு இதோ இந்த மேசையில் இருக்கிறது.