ரோஜாப் போர்கள்: கிரீடத்துக்கு வம்சாவளி மட்டும் போதுமா?

[திரை: வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை. காலியாக இருக்கும் சிம்மாசனம்.]

1460 அக்டோபர் 10, இங்கிலாந்து. நாடாளுமன்றத்துக்காகப் பிரபுக்கள் வெஸ்ட்மின்ஸ்டர்ல கூடியிருக்காங்க. யார்க் டியூக் ரிச்சர்ட் உள்ளே வர்றார். அவருக்கு முன்னால ஒருத்தர் வாளை நிமிர்த்திப் பிடிச்சுட்டு வர்றார். அது ராஜாவுக்கு மட்டுமே உரிய மரியாதை. ரிச்சர்ட் நேரா போய் சிம்மாசனத்து மேல கையை வைக்கிறார். எல்லாரும் ஆரவாரம் பண்ணுவாங்கன்னு திரும்பிப் பார்க்கிறார். ஒருத்தரும் வாயைத் திறக்கல. "ராஜாவைப் போய்ப் பார்க்கிறீங்களா?"ன்னு கேன்டர்பரி பேராயர் மட்டும் மெதுவா கேட்கிறார்.

இத்தனைக்கும் ராஜா ஆறாம் ஹென்றி, ஜூலை மாசத்துல இருந்தே யார்க் கட்சியோட பிடியில இருக்கார். அப்புறம் ஏன் இந்த அமைதி?

[திரை: குடும்ப மரம்]

மூன்றாம் எட்வர்ட் 1377-ல இறந்தார். மூத்த மகன் அதுக்கு முன்னாடியே போயிட்டதால பேரன் இரண்டாம் ரிச்சர்டுக்குப் பட்டம். மத்த பிள்ளைகள்ல நமக்கு மூணு பேர் போதும். வயசு வரிசையில லயனல், லங்காஸ்டர் டியூக் ஜான், யார்க் டியூக் எட்மண்ட். 1399-ல ஜானோட மகன், பெரியப்பா மகனான இரண்டாம் ரிச்சர்டை இறக்கிட்டு நான்காம் ஹென்றியா உட்கார்ந்தார். அன்னையில இருந்து ஆட்சி லங்காஸ்டர் வழியில. இந்த லங்காஸ்டர் வழியும் யார்க் வழியும் கிரீடத்துக்காக மோதினதுதான் ரோஜாப் போர்கள். பச்சையா சொன்னா, இது ஒரு பங்காளிச் சண்டை.

நம்ம யார்க் ரிச்சர்டுக்கு அப்பா வழி எட்மண்ட். அது லங்காஸ்டரை விட இளைய வழி, பிரயோஜனமில்லை. ஆனா அம்மா ஆன் மார்டிமர், லயனலோட கொள்ளுப்பேத்தி. அது மூத்த வழி. என்ன, நடுவுல ரெண்டு இடத்துல பெண் வழியா இறங்குது. "பெண் வழி செல்லாது"ன்னு லங்காஸ்டர் பக்கம் அடிச்சுச் சொல்லவும் முடியாது. இங்கிலாந்து ராஜாக்கள் பிரான்ஸ் கிரீடத்தைக் கேட்டதே மூன்றாம் எட்வர்டோட அம்மா வழியாத்தான்!

காகிதத்துல யார்க் வாதம் பலமானதுதான். நீதிபதிகள்கிட்ட கருத்து கேட்டாங்க. இது சட்டத்துக்கு மேலான விஷயம்னு கழண்டுக்கிட்டாங்க. பிரபுக்களுக்கோ, ஹென்றிக்குப் பண்ணின சத்தியம் தொண்டையில நின்னுச்சு. கடைசியில ஒரு சமரசம்: ஹென்றி உயிரோட இருக்கிறவரை ராஜா, அவருக்கப்புறம் யார்க். அதாவது ஹென்றியோட ஏழு வயசுப் பையன் வெளியே. அவனோட அம்மா, ராணி மார்கரெட், இதை ஒத்துக்குவாங்களா?

வம்சாவளிதான் சண்டைக்குக் காரணம்னா, யார்க் பத்து வருஷமா அதைப் பத்திப் பேசாம இருந்தது ஏன்? 1450-ல அவர் கேட்டதெல்லாம் ஆலோசனை சபையில செல்வாக்கும், போட்டியாளரான சாமர்செட் டியூக்கை வெளியேத்துறதும்தான். உண்மையான நோய் கஜானாவில இருந்தது. அரசாங்கத்தோட கடன் 3,72,000 பவுண்டுன்னு 1449-ல கூடின நாடாளுமன்றத்துல சொன்னாங்க. 1450-ல, பிரான்ஸ்ல இங்கிலாந்து வைச்சிருந்த நார்மண்டி போச்சு. 1453 ஜூலையில காஸ்டியோன் போர்ல கடைசித் தோல்வி, பிரான்ஸ்ல கலே மட்டும் மிச்சம். அடுத்த மாசமே ஹென்றிக்குச் சித்தம் கலங்கி, கிட்டத்தட்ட பதினாறு மாசம் யாரையும் அடையாளம் தெரியாம இருந்தார். மேல கேட்க ஆள் இல்லாதப்போ, வடக்குல நெவில் குடும்பமும் பெர்சி குடும்பமும் பழைய பகையைத் தீர்த்துக்கக் கிளம்பிட்டாங்க. நெவில் யார்க் பக்கம் போனதால, பெர்சி லங்காஸ்டர் பக்கம்.

[திரை: எழுத்து ஒப்பந்தம், ஆடையில் குத்தும் சின்னம்]

படை எங்கிருந்து வந்துச்சு? ராஜாகிட்ட நிரந்தரப் படைன்னு பெருசா எதுவும் கிடையாது. கலே கோட்டைக் காவல்தான் இருந்ததுலயே பெரிய சம்பளப் படை, அது வாரிக் எர்ல் ரிச்சர்ட் நெவில் கையில. மத்தபடி ஒவ்வொரு பிரபுவும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, வருஷப் பணம் கொடுத்து, தன் சின்னத்தைக் குத்தி ஆட்களை வைச்சிருந்தார். அவசரத்துக்கு நிலத்துல குடியிருக்கிறவங்களையும் கூட்டி வரலாம். பிரான்ஸ் போர்க்காலத்து வழக்கமான கூலி, குதிரையில போற வில்லாளிக்கு ஒரு நாளைக்கு 6 பென்னி, முழுக்கவச வீரனுக்கு 12. ஆயிரம் வில்லாளிகள்னா ஒரு நாளைக்கு 25 பவுண்டு. அதனாலதான் இந்தப் போர்கள் 30 வருஷம் இழுத்தாலும், ஒவ்வொரு படையெடுப்பும் சில வாரத்துல முடிஞ்சது.

கூலி தீர்ந்தா கொள்ளை. மார்கரெட் தோத்தது அதனாலதான்னு சொல்வேன். 1460 டிசம்பர் 30, வேக்ஃபீல்டுல யார்க் ரிச்சர்டைக் கொன்னாச்சு. தலையில காகிதக் கிரீடம் வைச்சு யார்க் நகர வாசல்ல குத்தியாச்சு. பிப்ரவரி 17, செயின்ட் ஆல்பன்ஸ்ல வாரிக்கைத் தோற்கடிச்சு ஹென்றியையும் மீட்டாச்சு. லண்டன் ஒரு நாள் நடைதூரம். ஆனா வடக்குப் படை வர்ற வழியெல்லாம் ஊர்களைச் சூறையாடின செய்தி முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சு. லண்டன் கதவைத் திறக்கல. மார்கரெட் திரும்பினாங்க. லண்டன்தான் கடன் கொடுக்கிற ஊர், அதை விட்டது ராஜாவையே விட்ட மாதிரி. மார்ச் 4-ம் தேதி அதே லண்டன்ல, செத்துப்போன யார்க்கோட 18 வயசு மகன் நான்காம் எட்வர்டா அறிவிக்கப்பட்டார்.

[திரை: டவுட்டன் வரைபடம், காற்றின் திசை அம்புக்குறியால்]

மார்ச் 29, குருத்து ஞாயிறு, டவுட்டன். பனி தெற்கிலிருந்து அடிச்சு லங்காஸ்டர் படையோட முகத்துல விழுது. யார்க் தளபதி ஃபாகன்பர்க், வில்லாளிகளைக் கொஞ்சம் முன்னால போய் எய்துட்டுப் பின்வாங்கச் சொன்னார். எதிராளிங்க பதிலுக்கு எய்தாங்க, எதிர்காத்துல எல்லாம் முன்னாடியே விழுந்துச்சு. ஒரு கட்டுக்கு 24 அம்பு, வேகமா எய்தா மூணு நிமிஷத்துக்குள்ள தீர்ந்துடும். கீழ விழுந்ததையும் பொறுக்கி யார்க் ஆட்கள் திருப்பி எய்தாங்க. வேற வழியில்லாம லங்காஸ்டர் படை இறங்கி வந்து மோதிச்சு. சாயங்காலம் நோர்ஃபோக் டியூக்கோட படை பக்கவாட்டுல வந்து சேர, வரிசை உடைஞ்சது. ஓடினவங்கதான் அதிகம் செத்தாங்க. இறந்தவங்க 28,000-னு அன்னைக்கே கணக்கு சொன்னாங்க. அது மிகைன்னு இன்னைக்குப் பலர் நினைக்கிறாங்க. 1996-ல அங்க கிடைச்ச ஒரு குழியில நாப்பதுக்கும் குறைவான உடல்கள்தான். ஆனா மண்டையோடுகள்ல அடுக்கடுக்கா வெட்டு.

அவ்வளவு பெரிய வெற்றியும் நிலைக்கல, ஏன்னா ஹென்றியும் மகனும் தப்பிச்சிட்டாங்க. நிலம் பறிபோன குடும்பங்களுக்கு இழக்க ஒண்ணுமில்லை, கூட அவங்க கையில ஒரு வாரிசும் இருக்கு. 1470-ல வாரிக்கே கட்சி மாறினதும் ஹென்றி மறுபடி ராஜா. 1471-ல எட்வர்ட் திரும்பி வந்து, ஏப்ரல் 14 பார்னெட்ல மூடுபனிக்குள்ள மோதினார். ஆக்ஸ்ஃபோர்ட் எர்லோட நட்சத்திரச் சின்னத்தை எட்வர்டோட சூரியச் சின்னம்னு நினைச்சு, சொந்தக் கட்சி ஆட்களே அவங்க மேல அம்பு விட்டாங்க. "துரோகம்"னு கத்திட்டுப் படை சிதறிச்சு, வாரிக் செத்தார். மே 4, டூக்ஸ்பரியில ஹென்றியோட மகன். மே 21, லண்டன் டவர்ல ஹென்றி. இந்தத் தடவை மிச்சம் வைக்கல. எட்வர்ட் சாகிற வரைக்கும் 12 வருஷம் பெரிய போர் இல்லை.

1483-ல அவரோட தம்பி மூன்றாம் ரிச்சர்ட், அண்ணன் பிள்ளைகளை ஒதுக்கிட்டுப் பட்டத்தை எடுத்தார். யார்க் கட்சி ரெண்டா உடைஞ்சது. 1485 ஆகஸ்ட் 22, பாஸ்வர்த்ல ஜெயிச்ச ஹென்றி டியூடரோட வம்சாவளிதான் எல்லாத்துலயும் பலவீனம்: அம்மா வழி, அதுவும் திருமணத்துக்கு முன்னாடி பிறந்த கிளை. ஆனா வில்லியம் ஸ்டான்லியோட படை சரியான நேரத்துல இவர் பக்கம் சாஞ்சது. ஆட்சி ஆகஸ்ட் 21-லயே தொடங்கினதா தேதி போட்டார். ஒரே நாள் வித்தியாசத்துல, ரிச்சர்டுக்காகச் சண்டை போட்டவங்க எல்லாம் ராஜத்துரோகி. எட்வர்டோட மகளைக் கட்டிக்கிட்டு யார்க் ஆதரவையும் சேர்த்துக்கிட்டார்.

அப்புறம் கை வைச்சது பிரபுக்களோட தனிப்படை மேல. 1507-ல ஜார்ஜ் நெவில், பெர்கவென்னி பிரபு, அனுமதியில்லாம 471 ஆட்களை 30 மாசம் வைச்சிருந்ததா வழக்கு. ஆளுக்கு மாசம் 5 பவுண்டு, மொத்தம் 70,650 பவுண்டு அபராதம். கட்டவே முடியாத தொகைன்னு ரெண்டு பக்கமும் தெரியும். வருஷம் 500 வீதம் பத்து வருஷத்துல 5,000 கட்டச் சொல்லி முடிச்சாங்க.