உங்கள் போன் எங்கே இருக்கிறது? நெட்வொர்க்குக்கே தெரியாத நேரம்தான் அதிகம்!

[திரையில்: மேஜை மேல் சும்மா கிடக்கும் ஒரு போன்]

இந்த போன் இப்போது எங்கே இருக்கிறது என்று சிம் கம்பெனிக்குத் தெரியுமா? "எந்நேரமும் தெரியும்" என்றுதான் பலரும் சொல்வீர்கள். தெரியாது! சும்மா கிடக்கும் போன் எந்த டவருக்குக் கீழே இருக்கிறது என்பதுகூட நெட்வொர்க்குக்குத் தெரியாது. பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாக வைத்திருப்பார்கள். அந்த வட்டாரத்துக்குள் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. வட்டாரம் மாறும்போதும், குறித்த இடைவெளிகளிலும் போன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி அமைதியாகிவிடும். ஒவ்வொரு டவரைத் தாண்டும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது.

அப்படியானால் உங்களுக்கு வரும் அழைப்பு எப்படி உங்களைக் கண்டுபிடிக்கிறது? தண்டோராதான். வட்டாரத்து டவர்கள் எல்லாம் "இன்னார் இருக்கிறாரா, இன்னார் இருக்கிறாரா" என்று கூவும். உங்கள் போன் மட்டும் "இதோ" என்று எழுந்திருக்கும். இதற்குப் பேஜிங் என்று பெயர். உங்கள் இடத்தைக் கேட்டு ஒரு சேவை வந்தாலும் இதே தண்டோராதான், ஆனால் மணி அடிக்காது, திரை ஒளிராது. போன் பதில் சொன்ன பிறகுதான் அளவெடுப்பே தொடங்கும்.

கேட்பவர் நேராக டவரிடம் போய் நிற்க முடியாது. ஜிஎம்எல்சி என்று ஒரு வாசல் இருக்கிறது. நீ யார், உனக்கு அனுமதி உண்டா, போன்காரர் சம்மதித்தாரா என்று அங்கே கேட்பார்கள். அவசர உதவிக்கும், சட்டப்படியான விசாரணைக்கும் சம்மதம் பார்க்காமல் வழி உண்டு. உள்ளே இடத்தைக் கணக்கிடுவது 5ஜியில் எல்எம்எஃப் என்ற பகுதி. இந்தப் பெயர்களை மறந்துவிடுங்கள், வாசலை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே திரும்பி வருவோம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

[திரையில்: ஒரு தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வளையல்கள்]

2ஜியில் ஒரே அலைவரிசையைப் பல போன்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. தூரத்தில் இருக்கும் போனின் குரல் டவருக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் அடுத்தவர் முறைக்குள் மூக்கை நுழைத்துவிடும். அதனால் டவர் ஒவ்வொரு போனுக்கும் "நீ இவ்வளவு முன்கூட்டியே பேசத் தொடங்கு" என்று ஓர் எண் கொடுக்கும். டைமிங் அட்வான்ஸ் என்பது இதுதான். இடம் கண்டுபிடிக்க யாரும் இதை உருவாக்கவில்லை. பேச்சு ஒன்றோடொன்று மோதக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், எவ்வளவு முன்கூட்டி என்றால் எவ்வளவு தூரம் என்றுதானே அர்த்தம்!

2ஜியில் இந்த எண் 0 முதல் 63 வரை போகும். ஒரு படி ஏறினால் சுமார் 550 மீட்டர். 64 படிகளைப் பெருக்கினால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சாதாரண 2ஜி டவர் 35 கிலோமீட்டரோடு நின்றுபோவதற்குக் காரணமே இதுதான். சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் அதற்கு மேல் சொல்ல எண் கிடையாது. இதை முதன்முதலில் படித்தபோது நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர்தான்.

தூரம் கிடைத்துவிட்டது, திசை கிடைக்கவில்லை. அப்போது போன் எங்கே? டவரை நடுவில் வைத்து ஒரு வளையல் வரையுங்கள், அந்த வளையலின் மேல் எங்கோ. பெரும்பாலான டவர்களில் ஆன்டெனாக்கள் மூன்று பக்கம் பார்க்கும். எந்தப் பக்கத்து ஆன்டெனா என்பதும் தெரிவதால் வளையலில் மூன்றில் ஒரு துண்டு மிஞ்சும். உடைந்த வளையல் துண்டு! இது என் கற்பனை இல்லை. மொபைல் நெட்வொர்க்குகளுக்கு விதி வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரநிலையில் இடத்தைச் சொல்லும் வடிவங்களில் புள்ளி, வட்டம், நீள்வட்டத்தோடு இந்த வளையல் துண்டும் ஒன்று. "இந்தத் துண்டுக்குள் இருக்க இத்தனை சதவீத வாய்ப்பு" என்ற எண்ணும் கூடவே போகும். சினிமாவில் வரைபடத்தில் மினுக்கும் சிவப்புப் புள்ளியை இனி நம்பாதீர்கள், நெட்வொர்க் தருவது ஒரு பரப்பு.

பல டவர்களின் சிக்னல் வரும் நேர வித்தியாசத்தை ஒப்பிட்டால் பரப்பு சுருங்கும். போனின் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில் மெல்லச் சொல்லும், அதைக் கேட்டு முடிக்கவே அரை நிமிடம் ஆகும். நெட்வொர்க் அதே விவரத்தைச் சட்டென்று கொடுத்துவிடும்.

இதன் அருமை அவசர அழைப்பில் தெரியும். 2014-இல் பிரிட்டனில் பிடி, ஈஈ, எச்டிசி நிறுவனங்கள் ஏஎம்எல் என்ற முறையைக் கொண்டுவந்தன. அங்கே அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்தவுடன் போன் தானாக ஜிபிஎஸ், வைஃபையை எழுப்பி, இடத்தை ஒரு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடும். அனுப்பியது உங்கள் கண்ணுக்குக்கூடப் படாது. மூச்சுத் திணறலில் முகவரி சொல்ல முடியாதவரையும் ஆம்புலன்ஸ் தேடிப் போய்விடலாம். 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் இப்படி இடத்தை அனுப்பும் வசதி கட்டாயம்.

சரி, இப்போது வாசலுக்கு வருவோம். அமெரிக்காவில் பெரிய மொபைல் நிறுவனங்கள் வாடிக்கையாளர் இருப்பிடத்தை இடைத்தரகர்களுக்கு விற்றன, அவர்கள் அடுத்தவருக்கு விற்றார்கள். சம்மதம் வாங்கும் பொறுப்பு கைமாறிக் கைமாறி எங்கோ காணாமல் போனது. மிசூரி மாநிலத்தில் ஒரு ஷெரிஃப், அதாவது உள்ளூர்க் காவல் தலைவர், இந்த வழியாகப் பலரின் போன்களைத் தேடியது 2018-இல் வெளியே வந்தது. சட்டப்படியான அனுமதி ஆவணம் என்று அவர் எதைப் பதிவேற்றினார் தெரியுமா? தன்னுடைய மருத்துவக் காப்பீடு, கார் காப்பீடு, பயிற்சிக் கையேட்டின் சில பக்கங்கள்! திறந்து பார்க்க ஆளே இல்லை. 2024 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 20 கோடி டாலர் அளவுக்கு அபராதம் விதித்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது. டவரும் கணக்கும் சரியாகத்தான் வேலை செய்தன, வாசலில்தான் காவல் இல்லை.

அதனால்தான் காமரா என்ற திறந்த திட்டத்தில் வந்திருக்கும் ஓர் ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் நெட்வொர்க்கிடம் கேள்வி கேட்கும் வழி, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதில் "போன் எங்கே?" என்று கேட்கவே முடியாது. "இந்த வட்டத்துக்குள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கலாம். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது கார்டுக்காரரின் போனும் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று வங்கி பார்க்க இது போதும், அவர் வேறெங்கே இருக்கிறார் என்பது வங்கிக்கு எதற்கு? உங்கள் வங்கி இப்படிக் கேட்டால் சம்மதிப்பீர்களா, கமெண்ட்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

[திரையில்: ஒரு வட்டம், அதன் விளிம்பில் வளையல் துண்டு]

வரக்கூடிய பதில்கள் நான்கு: ஆம், இல்லை, தெரியவில்லை, ஓரளவு. இந்த "ஓரளவு" எப்போது வரும் என்று திரையைப் பார்த்தாலே புரியும். நம் வளையல் துண்டு பாதி வட்டத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் விழும்போது.