மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: நம் பிள்ளைகளுக்கு எப்போது, யார் பார்த்து, எப்படி?

(பாலக்கோட்டில் பெற்றோரும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் பேசியபடியே தருகிறேன்.)

அவைக்கு வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, கல்வித்துறையிலிருந்து வந்திருக்கும் அய்யா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, தக்காளி பறிப்பை விட்டுவிட்டு மாரண்டஹள்ளியிலிருந்தும் பஞ்சப்பள்ளியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, கிராம சுகாதார செவிலியர்களே, ஆசிரியப் பெருமக்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பொன்னாடை போர்த்திய சகோதரிக்குத் தனியாக ஒரு நன்றி. வரவேற்புரையில் என்னைப் பற்றி ரொம்பப் பெரிதாகச் சொல்லிவிட்டார்கள். நான் அரசு மருத்துவமனைகளில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அவ்வளவுதான்.

இன்றைக்குப் பேச வந்திருப்பது வளரிளம் பெண்களுக்கு மார்பகம் அளவுக்கு மீறி வளர்வதைப் பற்றியும், அதைக் குறைக்கும் ஆபரேஷன் பற்றியும். பின்வரிசையில் இரண்டு மூன்று அப்பாக்கள் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள், தயவுசெய்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் முக்கியமாகப் பேச வந்தேன், ஏனென்றால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். இது காய்ச்சல், கால்முறிவு மாதிரி ஒரு மருத்துவ விஷயம், வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. ஐந்து விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்: இது ஏன் வருகிறது, எப்போது ஆபரேஷன் செய்யலாம், ஆபரேஷனில் என்ன நடக்கும், பிறகு என்ன எதிர்பார்க்கலாம், பையன்களுக்கு இதே மாதிரி வந்தால் என்ன செய்வது.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு, எந்தக் கூட்டத்திலும் நான் அதைச் சொல்லாமல் இறங்கியதில்லை: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இந்தப் பிரச்சினைக்கு அது அப்படியே பொருந்தும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது உடம்பு வாகு. அந்தப் பிள்ளைக்கு அது கழுத்து வலி, தோள் வலி, முதுகு வலி, தோளில் பிரா பட்டை அறுத்து விழுந்த பள்ளம், கோடையில் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகிப் பூஞ்சை பிடித்த தோல், நெஞ்சை மறைக்கக் கூனிக்கூனிப் பழகிப்போன முதுகு. சில பேருக்குக் கைவிரல் மரத்துப்போகும். விளையாட்டுப் பீரியடில் வயிற்றுவலி என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நிஜமாகவே வயிற்றில் வலி என்று உடற்கல்வி ஆசிரியைகள் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் வருகிறது? பூப்பெய்தும் காலத்தை ஒட்டி, சில மாதங்களுக்குள்ளேயே மார்பகம் கடகடவென்று வளர்ந்துவிடும் நிலைக்கு ஜுவனைல் ஹைபர்ட்ரோபி என்று பெயர். இரண்டு பக்கமும் வரலாம், ஒரு பக்கம் மட்டும் வரலாம். ரத்தத்தில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அந்தத் திசு சாதாரண அளவு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண்மை ஹார்மோனுக்கே அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றுதான் மருத்துவர்கள் கருதுகிறார்கள். பிராய்லர் கோழி தின்றதால் வந்தது என்று வீட்டுக்கு வீடு சொல்கிறீர்கள். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்ப்பதில்லை, அது அந்தக் கோழி இனமும் தீவனமும் செய்கிற வேலை. பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துத் தண்டிக்காதீர்கள். உடம்பு எடை அதிகம் உள்ள பிள்ளைக்கு எடை குறைந்தால் ஓரளவு குறையலாம், ஆபரேஷனும் ஆபத்துக் குறைவாக முடியும், அது உண்மை. ஆனால் ஒல்லியான பிள்ளைக்கும் இது வருகிறது, அவளை ஒரு இட்லியோடு நிறுத்தினால் ரத்தசோகைதான் மிஞ்சும்.

இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் பெருத்தால் முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். உள்ளே பெரிய ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி, இருக்கலாம், அப்படியானால் அந்தக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். இந்த வயதுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே இல்லை. திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. புற்றுநோயோ என்று பயப்படுகிறீர்கள், இந்த வயதில் அது மிக மிக அபூர்வம்.

இப்போது ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்து மலையடிவாரக் கிராமம் ஒன்று. பதினைந்து வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மே மாத வெயிலில் அந்தப் பிள்ளை சுடிதாருக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் இரண்டு துப்பட்டா. கபடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளையாம், ஒரு வருடமாக மைதானம் பக்கமே போகவில்லை, அப்புறம் பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் வீட்டில் மந்திரித்துப் பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள், வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள், அதில் தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. பாட்டி வந்ததும் வராததுமாக என்னிடம், "டாக்டரம்மா, இந்தப் புள்ள வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்குதுன்னு அவங்கப்பன் சொல்றான். நடிப்பா இதுன்னு நீயே பாத்துச் சொல்லு. அவனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு செங்கல்லக் கட்டி ஏர் ஓட்டச் சொல்லணும், அப்பத் தெரியும்" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று இதைவிட எந்தப் புலவர் சொல்ல முடியும்!

ஆனால் பார்க்க முடியவில்லை. அந்த ஓபி அறையில் கதவு இல்லை, திரைத்துணி துவைக்கப் போயிருந்தது. ஒரு மூலையில் காலில் ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர் கட்டுப் போட உட்கார்ந்திருக்கிறார், பயிற்சி மாணவர்கள் நிற்கிறார்கள், வாசலில் வரிசையில் நிற்கும் முப்பது பேரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்த பிடியை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை. நானும் நர்ஸ் அம்மாவும் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். பாட்டி எழுந்தார். "ஏம்பா, உங்க வூட்டுல பொம்பளப் புள்ள இல்லியா, எந்திரிச்சுப் போங்கப்பா" என்று ஒரு அதட்டல் போட்டார், பயிற்சி டாக்டர்கள் முதல் கால்புண் பெரியவர் வரைக்கும் எல்லோரும் வெளியே. அப்புறம் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முந்தானையை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "நான் மறைப்பா நிக்கறேன், நீ நிதானமாப் பாரு கண்ணு" என்றார். எழுபது வயது இருக்கும். நான் பார்த்து முடிக்கும்வரை கை இறங்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஸ்கேனில் கட்டி இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் எட்டுதான், அதாவது ரத்தசோகை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூர எறிந்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். வளர்ச்சி இன்னும் நிற்கவில்லை. அதனால் உடனே ஆபரேஷன் இல்லை என்று சொன்னேன், பாட்டி கோபித்துக்கொண்டார். ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன். வளர்ந்துகொண்டிருக்கும்போதே குறைத்தால் மறுபடியும் வளரும், மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 16, 17, 18 வயதை ஒட்டி வரும். காலண்டர் வயதை விட, பூப்பெய்தி எத்தனை வருடம் ஆயிற்று, வளர்ச்சி நின்றதா என்பதுதான் கணக்கு. வலி தாங்க முடியாமல், தோல் புண்ணாகி, வளர்ச்சி அடங்கவே இல்லையென்றால் முன்கூட்டியே செய்வதும் உண்டு, ஆனால் திரும்ப ஒருமுறை செய்ய வேண்டிவரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. அகலப் பட்டை வைத்த, அளவு சரியான பிரா, தோளுக்கும் முதுகுக்கும் பிசியோதெரபி பயிற்சி, தோல் புண்ணுக்கு மருந்து, ரத்தசோகைக்கு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு எழுதி வைப்பது, மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகர். இதையெல்லாம் செய்து, அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போய், பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, வெளி மாவட்டத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்டாள்.

இதற்கு நடுவில் மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடலாம், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு வந்ததாம். பாட்டிதான் தடுத்திருக்கிறார். கல்யாணத்தால் எதுவும் சரியாகாது, கர்ப்பமானால் மார்பகம் இன்னும் பெருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் குழந்தைத் திருமணத்தில் ஏற்கெனவே கெட்ட பேர் வாங்கியவை. 18 நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி எங்கேயாவது ஏற்பாடு நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.

ஆபரேஷனைப் பற்றி. முழு மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் பிளாஸ்டிக் சர்ஜன்கள்தான் செய்வார்கள். சில மணி நேரம் ஆகும். அதிகப்படியான திசு, கொழுப்பு, தோல் மூன்றையும் எடுத்துவிட்டு, காம்பை மேலே சரியான இடத்துக்குக் கொண்டுபோவார்கள். காம்பைத் தனியாக அறுத்து எடுப்பதில்லை, ரத்தக்குழாயும் நரம்பும் வரும் திசுவோடு சேர்த்தே நகர்த்துவார்கள். கொடியை அறுக்காமல் பூசணிக்காயை மட்டும் பக்கத்துப் பந்தலுக்குத் தூக்கி வைப்பது மாதிரி. ரொம்பப் பெரிதாக இருக்கிற அபூர்வமான கேஸில் மட்டும் காம்பைப் பிரித்து ஒட்டவைக்க நேரும், அப்போது உணர்ச்சியும் போய்விடும், பால் கொடுக்கவும் முடியாது. மற்றவர்களில் பலர் பின்னால் பால் கொடுக்கிறார்கள், ஆனால் கட்டாயம் முடியும் என்று எந்த மருத்துவரும் கேரண்டி தர முடியாது. சிலருக்குப் பால் குறையும். இதைப் பிள்ளையிடமே, அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். 18 நிறையும்வரை சட்டப்படி கையெழுத்து பெற்றோருடையது, ஆனால் உடம்பு அவளுடையது. அம்மா கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தாலும் பிள்ளைக்கு விருப்பம் இல்லையென்றால் நல்ல சர்ஜன் திருப்பி அனுப்பிவிடுவார்.

தழும்பு கட்டாயம் இருக்கும். காம்பைச் சுற்றி, கீழே நேராக, அநேகமாக மார்புக்கு அடியில் குறுக்காகவும். முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும், ஒரு வருடம் போல ஆகும் மங்குவதற்கு. நம் தோலுக்கு நெஞ்சுப் பகுதியில் கெலாய்டு, அதாவது தடித்துப் புடைக்கும் தழும்பு, வளரும் வாய்ப்பு அதிகம், காது குத்திய இடத்தில் தடித்து வளர்ந்த பிள்ளையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, தையல் சேரும் இடத்தில் ஆறத் தாமதமாவது, உணர்ச்சி குறைவது, இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பது எல்லாம் வரக்கூடியவைதான். பாட்டியின் பேத்திக்கும் தையல் ஒரு இடத்தில் ஆறத் தாமதமாயிற்று. நாட்டு மருந்து, ஹார்மோன் மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்த திசு பரிசோதனைக்குப் போகும், அது வழக்கம், பயப்பட வேண்டாம். பிறகு ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. இதை வீட்டில் உள்ளவர்கள்தான் காப்பாற்ற வேண்டும், பிள்ளை தூக்கமாட்டேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள், தலைவர் அவர்கள் கடிகாரம் பார்க்கிறார்கள். பையன்களைப் பற்றி ஒரே வார்த்தை: அந்த வயதில் பல பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும், கேலி செய்யாதீர்கள். அதை விரிவாக இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் எனக்கு இப்போது கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

தர்மபுரியில் 2008இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு 2022இல் வந்தது. வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் 2014லேயே வந்துவிட்டது. கட்டடம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. ஆனால் பென்னாகரத்துப் பிள்ளையும் தேன்கனிக்கோட்டைப் பிள்ளையும் தயங்காமல் போய் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஒரு அறை வேண்டும். தாழ்ப்பாள் உள்ள கதவு, திரை, ஒரு பெண் மருத்துவர், ஒரு பெண் ஆலோசகர், வாரத்தில் ஒரு மதியம், பள்ளி விட்டதும் வருகிற மாதிரி. ஆபரேஷன் எந்த ஊரில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், வருடத்துக்குச் சில பேருக்குத்தான் அது தேவைப்படும். அந்த முதல் பரிசோதனை தாலுகாவிலேயே நடக்க வேண்டும். மாதவிலக்குக் கோளாறு, வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் அதே அறைதான் உதவும். இதை நான் எந்த அலுவலகத்தில் சொன்னாலும் இடம் இல்லை என்கிறார்கள். பழைய சாமான் போட்டு வைக்க அறை இருக்கிறது, பிள்ளைகளுக்கு இல்லையா? வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள் தலையசைக்கிறார்கள், மிக்க நன்றி அய்யா, உங்கள் ஒன்றியத்திலேயே முதல் அறை திறக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராக இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்து மேசையில் சுகாதார செவிலியர் அம்மா வைத்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வையுங்கள், அப்பாக்கள் முதலில் வாருங்கள். பிள்ளையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்கிற அம்மாக்களுக்காக எட்டாம் வகுப்பு அறையைத் தலைமையாசிரியை அம்மா ஒதுக்கித் தந்திருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் அங்கே இருப்பேன், கடைசி பஸ் வரைக்கும் இருப்பேன். வணக்கம்.